தங்கச்சியின் ஆபரேஷனுக்கு நான் இழுத்த ஒயர்

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கொல்லிமலை அடிவாரத்துக் கடைசிக் காட்டு வீடு வரைக்கும் கேபிள் டிவி ஒயர் இழுத்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. படித்த பையன்கள் "இங்கே சிக்னல் எடுக்காது" என்று கையை விரித்துவிட்டுப் போன இடத்தில் பனைமரத்தில் ஏறி எடுத்துக் காட்டியிருக்கிறேன். யாரிடமும் போய்க் கைகட்டி நின்று கற்றுக்கொண்டதில்லை. அதனால்தான் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தேடி ஆள் அனுப்பினார்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். டாக்டர் சின்ன வயசுக்காரர். உடம்பு அளவுக்கு மீறிப் பெருத்தவர்களுக்கு இரைப்பையைச் சின்னதாக்கித் தைக்கும் ஆபரேஷனை அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார். பழக்கிவிட்டவர் சென்னையில் இருந்த ஒரு பெரிய டாக்டர். அவர் இங்கே வரமாட்டார். வயிற்றில் துளை போட்டு உள்ளே விடுகிற கேமராவின் படம் டெலிபோன் லைனில் சென்னைக்குப் போகும். அவர் அங்கே டிவியில் பார்த்தபடி, எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது என்று ஸ்பீக்கரில் சொல்வார். அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் சின்ன டாக்டர் அடுத்த வேலையில் கை வைக்கக் கூடாது. அவர்களுக்குள் அப்படி ஒரு கட்டு.

ஆபரேஷன் அறையிலிருந்து, படத்தை டெலிபோன் லைனில் அனுப்புகிற பெட்டி இருந்த அறைக்குப் போகிற ஒயரை யாரோ கம்பெனிக்காரர்கள் இழுத்திருந்தார்கள். படம் ஆடியது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரே நாளில் நான் புதிதாக இழுத்தேன். பெரிய டாக்டரே ஸ்பீக்கரில், "யாருய்யா இந்த ஒயர் போட்டது? கண்ணாடி மாதிரி தெரியுது" என்றார். அந்த ஒயரில் நாலு ஆபரேஷன் நடந்தது. நாலு பேரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அதைப் பார்த்த பிறகுதான் என் தங்கச்சியிடம் பேச்சை எடுத்தேன். அவளைப் புளியஞ்சோலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஏறிய உடம்பு இறங்கவே இல்லை. சர்க்கரை வந்தது, முட்டி போயிற்று. படுத்தால் மூச்சு அடைக்கும் என்று சுவரில் சாய்ந்தே தூங்குவாள். இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

"அறுத்துப் போட்டுட்டு அப்படியே உட்டுருவாங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"என்ர ஒயர் இல்லாம அங்க ஒரு நூலக்கூடக் கோக்க முடியாது கண்ணு. நான் பக்கத்துலயேதான் இருப்பேன்."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் வந்தாள்.

எங்கள் பக்கம் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் பங்காளி, மாமன், மச்சான் எல்லாரும் வேன் பிடித்து வந்துவிடுவார்கள். வராமல் போனால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அன்றைக்கும் ஆஸ்பத்திரிக் கூடம் நிறைந்துவிட்டது. தங்கச்சி வீட்டுக்காரர் மட்டும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சித்தப்பா மகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க மச்சான், மெட்ராஸ் டாக்டரே உங்க ஒயர்லதான் பாக்கறாருன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. எங்க கண்ணுக்கு ஒண்ணுங் காணமே?"

"ஒயர் சுவத்துக்குள்ளதான் இருக்கறாப்பல தெரியுது" என்றார் இன்னொருவர். கூடமே சிரித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. கூடத்து மூலையில் ஒரு டிவி இருந்தது. என் பையில் எப்போதும் ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற முனை கிடக்கும். யாரையும் கேட்கவில்லை. பெட்டி அறைக்குள் போய் ஒயரைப் பிரித்து ஒரு கிளையைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். படம் வந்தது. கொஞ்சம் மங்கலாக இருந்தது. ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தைக் கூட்டினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"அடங்கொப்பா! உள்ளுக்குள்ள இப்படியா இருக்கும்?" என்று எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

சற்று நேரத்தில் நர்ஸ் ஓடி வந்தார். "சென்னையில படம் இருட்டா தெரியுதாம். இங்க டாக்டர் டிவியில நல்லா இருக்கு. லைனைப் பாருங்க."

"என் வேலையில குத்தம் வராதுங்க. டெலிபோன் லைனாத்தான் இருக்கும்" என்றேன். பொய்யில்லை, அப்படித்தான் நம்பினேன். கேபிளில் ஒன்றை இரண்டாகப் பிரித்தால் படத்தில் புள்ளி விழும், கோடு ஓடும். இருட்டாவதை நான் பார்த்ததே இல்லை. கேமராவிலிருந்து நேராக வருகிற படம் வேறு மாதிரி என்பது எனக்குத் தெரியாது. மாடிக்கும் கீழுக்கும் ஓடி டெலிபோன் இணைப்பு ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டினேன். அரை மணி போயிற்று. ஸ்பீக்கரில் பெரிய டாக்டரின் குரல் கேட்டது.

"ரத்தம் கசிஞ்சா எனக்குத் தெரியாது. இரைப்பையில இன்னும் கத்தி வைக்கலை இல்ல? மூடிடுங்க. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

சின்ன டாக்டர் மூடித் தைத்துவிட்டார். கேமரா மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கூடத்து டிவியை நிறுத்தலாம் என்று பெட்டி அறைக்குப் போய், பிரித்த முனையைக் கழற்றி ஒயரைப் பழையபடி மாட்டினேன். அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து நர்ஸ் சொன்னது கேட்டது: "இப்ப பளிச்சுனு தெரியுதாம் டாக்டர்." அந்த முனையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சி கண் விழித்ததும், "முடிஞ்சுதுங்களாண்ணா?" என்றாள்.

"இல்ல கண்ணு. டெலிபோன் லைன் போயிருச்சு. படம் இருட்டாயிருச்சு."

டாக்டரிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன். அவள் மேலே பார்த்துக் கும்பிட்டாள். "நாலு பேருக்குத் தெரிஞ்ச படம் எனக்கு மட்டும் இருட்டாயிருச்சுங்களா? அப்ப வேண்டாம்னு சாமியே சொல்லிருச்சுங்கண்ணா."

காயம் ஆறியதும் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். அவள் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஆபரேஷனுக்குப் போவது, சிவப்பு வந்தால் விடுவது. பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அவள் நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடந்ததைச் சொல்ல எனக்கு அந்த ஒரு நிமிஷம் இருந்தது. அந்தச் சித்தப்பா மகன் எதிரில் நின்றுகொண்டிருந்தான். அவன் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்கள். சிவப்பு.

அப்புறம் இரண்டு வருஷம் இருந்தாள். கடைசி மாதம் கால் வீங்கி, பேசினால் மூச்சு வாங்கியது. அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தோம். ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாமியும் இல்லை, டெலிபோனும் இல்லை கண்ணு, நான்தான் என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் கொடுத்தேன்.

"எல்லார்த்துக்கும் படம் காட்டுனீங்களா? என்ர வவுத்தையா?"

"ஆமா கண்ணு."

"அட என்னுங்கண்ணா நீங்க... அவனுக்குப் பதில் சொல்றதுக்கு என்ர வவுறுதான் கெடச்சுதா?"

பிறகு என் கையைப் பிடித்து, "அப்ப சாமி ஒண்ணுஞ் சொல்லலைங்களா? இப்பப் போனா பண்ணுவாங்களாண்ணா?" என்றாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

இனிமேல் மயக்க மருந்தை அவள் இதயம் தாங்காது என்று டாக்டர் அன்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"கேட்டுட்டு வாரேன் கண்ணு" என்று எழுந்து வெளியே வந்தேன். டாக்டரிடம் போகவில்லை, படிக்கட்டு வரைக்கும்தான் போனேன். திரும்பிப் போய், சென்னை டாக்டர் ஊரில் இல்லை, வந்ததும் சொல்கிறாராம் என்றேன்.

"வரட்டுமுங்க" என்றாள். அந்த வாரம் முழுக்க, யார் வந்தாலும் அவர் வந்துவிட்டாரா என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.