உள்ளங்கையில் ஒரு துளி கிரீஸ்

அந்த கிரீஸ் டப்பாவை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்த புதிது. அரசு அதிகாரி பார்வையிட வருகிறார் என்று உற்பத்தி லைனில் நின்ற பெண்கள் எங்களைப் பயிற்சிக் கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார் டிரெய்னிங் மேனேஜர். அங்கிருந்த, இரும்பு கடையும் லேத் மெஷினின் பிளாஸ்டிக் உறையை அன்றுதான் கழற்றினார்கள். பூசாரி விபூதி கொடுப்பதுபோல ஆளுக்கொரு துளி கிரீஸை உள்ளங்கையில் வைத்தார். "நல்லா தேச்சிக்கோங்கம்மா. மெஷின் மேல கைய வெச்சிக்கினு நில்லுங்க. ஸ்விட்ச்ச மட்டும் தொடாதீங்க, கனெக்ஷனே குடுக்கல" என்றார். கொஞ்சமாவது கூச்சம் வேண்டுமே! வந்த அதிகாரியும் எங்கள் கறுத்த கைகளைப் பார்த்துப் பூரித்துப்போய், முந்திரி பிஸ்கட் தின்றுவிட்டுக் கிளம்பினார்.

பயிற்சிக்கு ஆள் சேர்த்தாலே கம்பெனிக்கு அரசு ஊக்கத்தொகை தந்துகொண்டிருந்த நேரம் அது. சேர்ந்தவள் ஏதாவது கற்றாளா என்று கேட்க நாதியில்லை. என் அறைத்தோழி கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. காலையிலிருந்து ஷிப்ட் முடியும்வரை கார்க் கதவில் ரப்பர் பட்டையை அழுத்திப் பொருத்துவாள். அது ஒன்றுதான் அவளுடைய பயிற்சி. ஒரு வருடத்தில் சான்றிதழோடு வந்தால் மேற்கொண்டு வேலை பார்க்கலாம், இல்லையென்றால் பழையபடி தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலைதான் என்று அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். கட்டை விரல் வீங்கிய ராத்திரிகளில்கூட அவள் முனகியதில்லை. சான்றிதழ் வந்துவிடும் என்று நம்பினாள்.

பாதி வருடத்தில் அரசு விதியை மாற்றியது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் வைக்கிற செய்முறைத் தேர்வில் தேறினால்தான் இனி கம்பெனிக்குத் தொகை, எங்களுக்குச் சான்றிதழ். நல்ல மாற்றம்தான், நான்கூட சந்தோஷப்பட்டேன். ஆனால் நம்ம மேனேஜர் லேசுப்பட்டவரா? தேர்வு நெருங்கும்வரை எங்களை லைனைவிட்டு அசையவிடவில்லை. கடைசி வாரத்தில் மெஷினுக்குக் கரண்ட் கொடுத்து, ஒரே ஒரு கடைசல் வேலையை மட்டும் வாய்ப்பாடு மாதிரி உருப்போட வைத்தார். "எப்பவும் இந்த ஜாப்தான் வரும், நான் விசாரிச்சிட்டேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். விசாரித்த லட்சணம் தேர்வன்று தெரிந்தது. ஒரு முனை ஒடுங்கி வருகிற மாதிரிக் கடையச் சொல்லி, வேறொரு வரைபடத்தை நீட்டினார் தேர்வாளர்.

நான் தேறினேன். எங்கள் ஊர் ஐ.டி.ஐ.யில் வாத்தியார் திட்டித் திட்டிச் சொல்லித்தந்தது கை கொடுத்தது. அந்த வித்தைக்கு இந்த மேனேஜர் தொகை வாங்கினார், என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார். த்தூ! தோழியோ மெஷின் முன்னால் உருப்போட்டதையே செய்தாள், தோற்றாள். அவளைக் கூப்பிட்டு, "ஒன்னால கம்பெனிக்கு இன்னா லாஸ் தெரியுமா?" என்று சீறினார்.

அவள் அழவில்லை. "ஒங்க துட்டு அடுத்த பேட்ச்ல வந்துரும் சார். என் ஒரு வருசத்த எந்த பேட்ச்ல குடுப்பீக?" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பி, "இவள கூட்டினு போம்மா, டைம் ஆவுது" என்றார்.

இப்போது விதியை மறுபடியும் மாற்றப்போகிறார்களாம். பயிற்சி முடித்தவர்களை வேலையில் வைத்துக்கொண்டால்தான் தொகையாம். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் இது பற்றிய கூட்டம், சிறப்புரை யார் என்கிறீர்கள்? சாட்சாத் அந்த மேனேஜரேதான். கேட்டவர்கள் கைதட்டியிருப்பார்கள்.

போன வாரம் தோழி போன் செய்தாள். "ஏட்டி, அந்தக் கம்பெனில இன்னும் அப்ரண்டிஸுக்கு ஆள் எடுக்காகளா? எந் தங்கச்சி வரணும்ங்கா."

அனுப்பாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவளுக்குப் பின்னால் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை யாரையோ நாயே பேயே என்று வைதுகொண்டிருந்தது கேட்டது.

"வரச்சொல்லு" என்றேன். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதை நம்பித்தானே அந்த மேனேஜர் மாதிரி ஆள்களெல்லாம் பிழைக்கிறார்கள்.