இட்லிச் சட்டியில் வெந்த கைப்பிடி

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் சத்தமே வராது. பேச்சு நின்றுவிடும். உடனே எனக்குத் தூதுவர் பதவி வந்துவிடும். பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருந்த அந்தச் சின்ன வீட்டில் கூடத்தில் தும்மினால் அடுப்படியில் கேட்கும். இருந்தாலும் "ஒங்கம்மாட்ட சொல்லு" என்று அப்பா சொன்னால் நான் எழுந்து போய்த்தான் சொல்ல வேண்டும். பாதிச் சேதியை வழியிலேயே மறந்து, மீதியைச் சொந்தச் சரக்கால் நிரப்புவேன். இன்றைக்கு ஆபீசில் நான் பார்க்கும் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

அந்தத் தடவை சண்டை சைக்கிளால் வந்தது. அம்மாவுக்குத் திருமங்கலம் ரோட்டில் ஓர் ஊரில் பால்வாடி டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பஸ்ஸை நம்ப முடியாதென்று பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றில் போய்வந்தாள்.

"லாரி போற ரோட்டுல சைக்கிள் மிதிச்சுப் போயி அப்படி என்ன வேல? விட்டுரு" என்றார் அப்பா.

"விட மாட்டேன்" என்றாள் அம்மா. அத்தோடு பேச்சு நின்றது.

அந்தச் சைக்கிளின் கைப்பிடி உறை கிழிந்து வெறும் இரும்பு தெரியும். ஒருநாள் ரசம் ஊற்றும்போது அம்மா கரண்டியைக் கை மாற்றினாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அப்பா பார்த்தார். அதற்கப்புறம் ரசம் கேட்கவில்லை. அவர் பங்கு ரசமும் எனக்கே கிடைத்தது. அந்த அளவில்தான் அது என் மனதில் பதிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பீரோவைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, தக்கையால் செய்த கைப்பிடி உறைகள். தன் சைக்கிளுக்கென்று அப்பா பூட்டி வைத்திருந்தவை. தொட்டுப் பார்த்ததற்கே என் காது ஒருமுறை திருகப்பட்டிருக்கிறது. அதைப் போய் அம்மாவின் சைக்கிளில் மாட்ட உட்கார்ந்தார். பழைய உறையைப் பிளேடால் கிழித்தார். துருவைத் தேய்த்தார். தக்கையோ பாதிக்கு மேல் ஏற மறுத்தது. அழுத்தினால் பிளந்துவிடும் போலிருந்தது.

வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டு மாமா, "தேங்காண்ணெயத் தடவுங்க மாப்ள, வழுக்கிக்கிட்டுப் போயிரும்" என்றார்.

"போகும் மாமா. அதே மாதிரி கையோட கழண்டும் வந்துரும். லாரிக்கு நடுவுல போறவளுக்கு எண்ணெயப் போட்டா மாட்டுறது?"

அடுப்படியிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஆவியில காட்டுனா தக்கை இளகும்னு ஒங்கப்பாட்ட சொல்லு."

சொன்னேன்.

"எதுல வச்சுன்னு கேளு."

கேட்டேன்.

"இட்லிச் சட்டியிலதான். பெறகு என்ன, தார் டின்னுலயா?"

எதிர்வீட்டு மாமா, "ஏப்பா, இந்த வேலைக்கு ஒனக்குச் சம்பளம் எம்புட்டுப்பா?" என்று என்னைக் கேட்டார்.

இட்லியை எடுத்த சூட்டோடு, அதே துணியில் இரண்டு தக்கைகளும் படுத்துக்கொண்டன. வீடு முழுக்க நனைந்த மரத்தின் வாசம். அப்பா துண்டால் பிடித்துத் திருகித் திருகி ஏற்றினார். ஆறியதும் என்னை இழுக்கச் சொன்னார். நான் இழுத்ததில் சைக்கிள் வந்தது, கைப்பிடி வரவில்லை.

எனக்கு ஒரே குழப்பம். வேலைக்குப் போகாதே என்றவர் எதற்காக இதைச் செய்கிறார்? "அப்ப அம்மா வேலைக்குப் போகணுமா, விட்டுறணுமா? என்னன்னு சொல்லட்டும்?" என்று பொறுப்பாகக் கேட்டேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பாக்கச் சொல்லு."

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏறினாள். போய்த் திரும்பி வரும்வரை அப்பா வாசலிலேயே நின்றார். அவருக்கு நேரெதிரே சைக்கிளை நிறுத்தி இறங்கிய பிறகும் அம்மா கைப்பிடியை விடவில்லை. என்னைப் பார்த்து, "மெத்துனு இருக்குன்னு சொல்லு" என்றாள்.

அப்பாவும் என்னைத்தான் பார்த்தார். "நாளைக்கு வெயிலுக்கு முன்னாடியே கெளம்பிறச் சொல்லு."

இரண்டு பேருடைய உதடும் ஏதோ மாதிரி கோணிக்கொண்டிருந்தது. பாவம், அப்பா இம்புட்டுப் பாடுபட்டும் சண்டை மட்டும் தீரவில்லையே என்று எனக்கு அழுகையாக வந்தது.