அலவத்துகொட ஏற்றத்தில் இறுகிய கியர்

நான் கல்லூரியில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்தில் வாகனக் கோளாறு என்றால் முதலில் என்னையே கேட்பார்கள்.

என் மனைவியும் சம்பந்தியும் நானும் அலவத்துகொடையில் தேநீர் அருந்திவிட்டுத் திரும்புகிறோம். ஏற்றத்தில் நிற்கும் எனது காரின் ஆட்டோமேட்டிக் கியர் பார்க்கிங்கிலேயே இறுகிக் கிடக்கிறது. கைபிரேக் போடப்படாமையால் வண்டியின் பாரம் முழுவதும் கியரின் பூட்டில் தங்கிவிட்டது. சற்று மேல்நோக்கித் தள்ளினால் பூட்டு இளகும் என்று விளக்குகிறேன். நான் முடிக்குமுன்பே, என் மகளின் மாமனாரான சம்பந்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டியின் பின்னால் போய்விடுகிறார். தேநீர்க் கடைக்காரரும் தோள் கொடுக்கிறார். கார் இம்மியளவு நகர்ந்ததும் பிரேக்கை மிதித்துக் கியரை இழுக்கிறேன். விடுபடுகிறது.

கடைக்காரர் சம்பந்தியின் முதுகில் தட்டுகிறார். “மாஷா அல்லாஹ், இந்த வயசுலயும் என்ன பலம், சேர், உங்களுக்கு!”

“எங்க வீட்டுச் சாப்பாடு அப்படி, நானா!” என்று கடைக்காரரை அண்ணன் முறை வைத்து அழைத்துச் சொல்கிறார் சம்பந்தி.

என் மனைவி வாய்விட்டுச் சிரிக்கிறாள். என் விளக்கம் எதற்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை.

நான் கண்ணாடியை இறக்குகிறேன். “கியரை எடுத்தது நான்.”

“ஓ சேர், நீங்க உள்ளுக்குத்தானே இருந்தீங்க” என்கிறார் கடைக்காரர்.

வண்டி புறப்பட்டதும் மனைவி மகளைத் தொலைபேசியில் அழைக்கிறாள். “ஒன் மாமாதான் கார சரி பண்ணினாரு!”

காரில் பழுது எதுவும் இருக்கவில்லை. சம்பந்தி எதையும் சரி செய்யவில்லை, தள்ளினார்.