எதிரணியில் நின்ற வசந்தி அக்கா

இன்று, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் கிரவீனில் கவுன்சில் இடைத்தேர்தல். எங்கள் தெருவுக்கு நடைபாதை கேட்டுப் போராடும் சுயேச்சை வேட்பாளருக்காக, வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்தின் வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போயிருந்தேன்.

பக்கத்தில் போட்டி வேட்பாளருக்காக நின்றவர் வசந்தி அக்கா, மதுரைக்காரர். இரண்டு மணி நேரமாக நாங்கள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

பதினொரு மணி வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"உட்காருங்க. காலையில சாப்பிட்டீங்களா?" என்று தன் மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இல்லையக்கா, தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு வந்தனான்."

தான் கொண்டுவந்த இட்லியை என் கையில் கொடுத்தார். பிறகு என் தாள்களையும் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வந்தவர்களுக்கெல்லாம் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்.

 "உங்கட ஆக்கள் கண்டா ஏச மாட்டினமோ?" என்று கேட்டேன்.

"திட்டுவாங்க. திட்டட்டும், நீங்க சாப்பிடுங்க."

அரை மணி நேரம் எனக்காகவும் நின்றார். அவரை மறக்க மாட்டேன்.

நல்ல வேளை, நான் காலையிலேயே வாக்களித்துவிட்டேன். இட்லி சாப்பிட்ட பிறகு போயிருந்தால் யாருக்குப் போட்டிருப்பேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.