மூன்று பேருக்குச் சாயா

ஒவ்வொரு விசிலையும் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊதிப் பார்க்கிறார் தாணுமாலயன். உயிர்காப்புச் சட்டையின் தோளில் சிறு கயிற்றில் தொங்குமே, அந்த விசில். முப்பது சட்டை என்றால் முப்பது தடவை. மணல் அடைத்துச் சத்தம் வராததைக் காதருகே வைத்துக் குலுக்குவார், குண்டூசியால் குத்துவார், மறுபடியும் ஊதுவார். சபை ஹாலுக்கு எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் சரசம்மா அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

"சாரே, வண்டி எப்ப எடுக்கும்? ஞானும் ஏறட்டா?"

"எல்லாரும் ஏறியாச்சுன்னா எடுத்திரலாம்மா" என்பார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

செவ்வாய்க்கிழமைதோறும் விழிஞ்ஞத்திலிருந்து கடலோரக் காவல்படையின் ஜீப் அவரை எங்கள் கரையில் இறக்கிவிட்டுப் போகும். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பேசிப் பழகுவதுதான் அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை. சொந்த ஊர் சுசீந்திரத்துக்குப் பக்கம். வயது நாற்பத்தைந்து இருக்கும். பல வருடம் கப்பலில் இருந்தவர். வலது முழங்கால் சரியாக மடங்காமல் போனபிறகு கரைக்கு மாற்றிவிட்டார்கள். மணலில் நடக்கும்போது பூட்ஸைக் கழற்றி, இரண்டின் கயிற்றையும் சேர்த்து முடிந்து, மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அவர் தோளில் உள்ள பட்டைகளைப் பார்த்துப் பதவி இன்னதென்று சொல்ல எங்களுக்குத் தெரியாது. பூட்ஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறவர் அப்படியொன்றும் பெரிய ஆளாக இருக்கமாட்டார் என்று பெண்கள் தீர்மானித்தார்கள். அதனால்தான் பயமில்லாமல் பேசவும் ஆரம்பித்தார்கள்.

ஹால் வாசலில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன் நான். ஏழாவதோடு என் படிப்பு நின்றது. முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. துணியைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அறுந்த பட்டைகளை அவர் என்னிடம் தைக்கத் தருவார். பட்டை அறுவது கடலில் அல்ல. ஆண்கள் அந்தச் சட்டையை இருக்கைக்குப் போடுவார்கள், மழைக்கு அதால் எஞ்சினை மூடுவார்கள், மத்தியானம் வீட்டில் தலைக்கு வைத்துத் தூங்குவார்கள்.

"தலைக்கு வச்சுப் படுக்கியளா, படுங்க. ஆனா வள்ளத்துல வச்சுப் படுங்க. வீட்டுல வேண்டாம்" என்பார் அவர். அதற்கு மேல் உபதேசம் கிடையாது.

பெண்களுக்கு அவர் நடத்தும் கூட்டத்துக்கு அத்தாட்சியாக அலுவலகத்துக்குப் படம் அனுப்பவேண்டும். பெண்கள் யாரும் பேனருக்கு முன்னால் நிற்கமாட்டார்கள். கொஞ்ச நாள் கெஞ்சிப் பார்த்தார். பிறகு சட்டையின் கொக்கியை மாட்டும் கைகளை மட்டும் படம் எடுக்க ஆரம்பித்தார். வளையல் போட்ட கைகள், மீன் செதிள் ஒட்டிய கைகள். அலுவலகத்தில் என்ன சொன்னார்களோ தெரியாது. இப்போதும் கைகளைத்தான் எடுக்கிறார்.

அவர் முதன்முதலில் நடத்திய கூட்டத்தை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். ஹால் நிறையப் பெண்கள். கடலில் ஆபத்து என்றால் அழைக்கவேண்டிய 1554 என்ற எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பி, "உங்க வீட்டு ஆளு போன வள்ளம் திரும்பி வரலேன்னா உடனே என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். பாயை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஆள் கடலில் இருக்கும்போது எங்கள் வீடுகளில் 'வரலை' என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. பஸ் வராவிட்டாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் 'வந்துக்கிட்டிருக்கு' என்றுதான் சொல்வோம்.

"சாரே, முதல்ல போயி வாயைக் கழுகிட்டு வாங்க" என்றாள் சரசம்மா.

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு சீருடையோடு குழாயடிக்குப் போய், எல்லாரும் பார்க்க, மூன்று தடவை கொப்பளித்துத் துப்பினார். திரும்பி வந்து, "கழுவியாச்சு. இனி நீங்க எனக்குச் சொல்லித்தாங்க" என்று தரையில் உட்கார்ந்தார். அப்போது மீதி இருந்தது ஐந்து பேர்.

அவர் விடாமல் வந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் பக்கத்துக் கரையிலிருந்து போன வள்ளம் ஒன்று மத்தியானம் வந்திருக்கவேண்டும். வீட்டுக்காரி அந்தச் சொல்லுக்குப் பயந்து மறுநாள் விடியும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிறகு மூன்று நாள் தேடினார்கள். இரண்டு பேரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. "எஞ்சின் நின்ன வள்ளம் நின்ன இடத்துல நிக்காதும்மா. நேரம் போகப்போகத் தேட வேண்டிய கடலு பெரிசாயிட்டே போவும்" என்று அந்த ஐந்து பேரிடம் மெதுவாகச் சொன்னார்.

வழி சொன்னது எலிசாள். யோசுவாவின் மனைவி, என் வீட்டுக்கு அடுத்த வீடு. "சாரே, மிஸ்டு கால் மதியா, போதுமா? அதுல வார்த்தை ஒண்ணும் இல்லல்லோ" என்றாள்.

தாணுமாலயன் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அடுத்த வாரமே விதி உண்டாயிற்று. ஆள் குறித்த நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆனால் அவருடைய சொந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால். அவர் திருப்பி அழைத்து, "சாயா குடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்பார். மற்றதெல்லாம் சாயாவாகவே பேசிக்கொள்ளலாம். ஆள் வந்து சேர்ந்ததும் அடுத்தடுத்து இரண்டு மிஸ்டு கால்.

மிஸ்டு கால் வந்ததும் வள்ளத்தில் எத்தனை பேர் என்பதைத் தன் இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். இரண்டாவது தகவல் வராமல் அதை அழிக்கமாட்டார். நோட்டில் எழுதக்கூடாதா என்று சரசம்மா கேட்டதற்கு, "நோட்டை ஜீப்புல மறந்து வச்சிருவேன். கையை எங்க கொண்டு மறந்து வைக்க?" என்றார். ஒரு தடவை வந்து சேர்ந்தவன் வீட்டிலிருந்து தகவல் சொல்ல மறந்துவிட்டார்கள். உள்ளங்கையில் 4 என்று எழுதியபடியே நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தாராம். மறு செவ்வாய்க்கிழமை அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். "ஒண்ணுமில்லம்மா, கை கழுவ அனுமதி கேக்க வந்தேன்" என்றார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வள்ளங்களுக்கு மஞ்சள் பெட்டி ஒன்று கொடுத்திருந்தார்கள். ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் காவல்படைக்குத் தகவல் போகும். இவ்வளவு அருமையான பொருளில் உப்புத்தண்ணீர் படலாமா? பாதி வீடுகளில் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். எலிசாள் தன் கல்யாணப் புடவைக்கும் பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் நடுவில் வைத்திருந்தாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாரி முங்கினா நான் வாறேன் மக்களே. வள்ளம் எப்பிடிக் கூப்பிடும்?" எல்லாரும் சிரித்தார்கள். பெட்டி அலமாரியிலேயே இருந்தது.

சென்ற துலாமாதத்தில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் விசில்களை ஊதிக்கொண்டிருந்தார். பதினோரு மணி தாண்டியிருக்கும். என் மெஷின் பலகைமேல் வைத்திருந்த அவருடைய போன் ஒரு தடவை அடித்து நின்றது. திரையைப் பார்த்தார். வாயிலிருந்த விசிலை எடுக்காமலே பேனாவைத் திறந்தார்.

அவருடையது பழைய போன். மறுமுனையில் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

"எலிசா, சாயா குடிச்சாச்சா?"

"இல்ல சாரே. ஆறிக்கிட்டு இருக்கு."

"எத்தனை பேருக்குப் போட்டே?"

"மூணு."

"எப்பக் குடிக்கணும்?"

"பத்து மணிக்கு."

"எந்தப் பக்கம்?"

"தெக்கே. வட்டப்பாருக்கும் அங்கிட்டு." எங்கள் ஊரில் 'பார்' என்றால் கடலுக்கடியில் பாறை கிடக்கும் இடம்.

"மஞ்சப் பெட்டி?"

"அலமாரில இருக்கு சாரே. கவர்கூடப் பிரிக்கல" என்றாள்.

"சரி மக்களே. அடுப்பை அணைச்சிராதே" என்று வைத்துவிட்டார். உடனே நிலையத்துக்கு இந்தியில் பேசினார். எண்களும் திசையும் மட்டும்தான் எனக்குப் புரிந்தன. விழிஞ்ஞத்திலிருந்து ரோந்துப் படகு கிளம்பும் என்று தெரிந்தது. அவர் அதில் போகமுடியாது. அவர் வேலை கரையில்.

யோசுவாவோடு போயிருந்தது அவன் அண்ணன் வேதமாணிக்கமும் ரதீஷும். எலிசாள் ஹாலுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எல்லாரும் கடலைப் பார்க்க, தாணுமாலயன் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெத்திலி என்ன விலை போகிறது என்று கேட்டார். ஒருத்தியிடம் அவள் மகளின் நர்சிங் படிப்பு பற்றிக் கேட்டார். பதிலைக் கவனமாகக் கேட்டார், இன்னொரு கேள்வியும் கேட்டார். இடது கை மூடியே இருந்தது. வியர்வையில் மை கலைந்ததோ என்னவோ, சுவர்ப்பக்கம் திரும்பி அதன்மேலேயே மறுபடி எழுதினார். ஒரு மணிக்கு ஒருதரம், இரண்டு மணிக்கு ஒருதரம்.

கிழக்கே மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. துலாமழைக்கு மத்தியானத்துக்குமேல் இடி உண்டு. சரசம்மா கண்ணாடித் தம்ளரில் சாயா கொண்டுவந்தாள்.

"சாரே, காலையில தொட்டு ஒண்ணும் குடிக்கல. இது உங்களுக்கு."

"இருக்கட்டும்மா. மூணு பேருக்குச் சொல்லியிருக்கு. அவங்க குடிக்கட்டும்."

சரசம்மா தம்ளரைத் திருப்பிக் கொண்டுபோனாள். என் மெஷினில் ஒரு பட்டையை மூன்று தடவை ஒரே இடத்தில் தைத்திருந்தேன்.

மூன்று மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்பு போன் முழுதாக அடித்தது. எடுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் நாற்காலிப் பக்கம் சாய்ந்தார்.

"தீனோ?" என்று கேட்டார். பிறகு இன்னொருதரம், "தீனோ டீக்?"

மூன்று பேருமா, நன்றாக இருக்கிறார்களா என்கிற அளவு இந்தி எல்லாருக்கும் தெரியும். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஹாலைத் தாண்டிச் சாயாக்கடையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"எம்மா! மூணு சாயா போடுங்க. பாலு கூடுதலா."

ஹாலில் யார் முதலில் அழுதது, யார் முதலில் சிரித்தது என்று சொல்லமுடியாது. எலிசாள் இரண்டும் செய்யவில்லை. எழுந்து வீட்டுக்கு ஓடினாள்.

அறுந்து மிதந்த வலை ஒன்று எஞ்சினின் விசிறியைச் சுற்றிப் பிடித்துவிட்டதாம். அறுத்து எடுக்கப் பார்த்ததில் விசிறி உடைந்திருக்கிறது. இருந்த ஒரு போனும் நனைந்துபோயிற்று. நீரோட்டம் அவர்களை வட்டப்பாரிலிருந்து வெகுதூரம் தெற்கே இழுத்துக்கொண்டு போயிருந்தது. ரோந்துப் படகு கயிறு கட்டி இழுத்துவந்து அலைக்கு வெளியே விட, இங்கிருந்து போன இன்னொரு வள்ளம் கரை சேர்த்தது. இடி இறங்குவதற்கு முன்பே மூன்று பேரும் மணலில் கால் வைத்துவிட்டார்கள்.

யோசுவாவின் உதடு உப்பில் வெடித்திருந்தது. எலிசாள் தோளில் கிடந்த துண்டால் அவன் முதுகில் நாலு அடி வைத்தாள். பிறகு அதே துண்டால் அவன் தலையைத் துவட்டினாள். துவட்டி முடித்ததும் இடுப்பில் இடுக்கியிருந்த மஞ்சள் பெட்டியை எடுத்து, கவரைப் பல்லால் கிழித்துத் துப்பிவிட்டு அவன் கையில் திணித்தாள்.

"இனி இது அலமாரில கண்டா உங்களையும் சேத்து வச்சுப் பூட்டுவேன், கேட்டோ."

"வச்சது ஆருடீ?" என்றான் யோசுவா.

"ஞான்தான். மிண்டாம, வாயை மூடிட்டு வாங்கிக்கோங்க."

வேதமாணிக்கம் சாயாவைக் குடித்துவிட்டு இரண்டாவது தம்ளர் கேட்டார். ரதீஷ் கரையேறிய பிறகும் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாமல் நின்றான். தாணுமாலயன் அவனிடம் போய், தோளில் தொங்கிய விசிலைப் பார்த்து, "ஊதினியால?" என்று கேட்டார். "ஊதினேன் சாரே. வாயி வலிக்குது" என்றான் அவன்.

ஜீப் வந்து நின்றது. ஓட்டுநர் ஒலி எழுப்பினார். தாணுமாலயன் போகவில்லை. மடக்கிய இடது கையோடு கொஞ்சம் தள்ளி, எலிசாளைப் பார்த்தபடி நின்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் அவரைக் கவனித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

பத்தடி தூரத்தில் அவர் சட்டைப்பைக்குள் ஒரு தடவை அடித்து நின்றது. இன்னொரு தடவை அடித்து நின்றது.

அவர் தலையை ஆட்டிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு அலை வந்து போகும் இடத்துக்கு இறங்கினார். மடங்காத முழங்காலை நீட்டிக் குனிந்து, ஈரமணலை ஒரு பிடி அள்ளி, இடது உள்ளங்கையை நிதானமாகத் தேய்த்துக் கழுவினார்.