அடுக்குக் கலைந்த தாழி

1939 மார்ச் 3, வெள்ளிக்கிழமை, காலை ஏழு பத்து. புதுச்சத்திரத்துக்குத் தெற்கே சாலையை அகலப்படுத்தும் வேலையில், ஓவர்சியரான என் கீழ் பதினெட்டு ஆட்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். இறங்காமலே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "டாக்டரம்மா ராத்திரி போயிட்டாங்க."

காலரா. நோய் பரவிய ஆற்றோரக் கிராமங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போனவரை அதுவே கொண்டுபோய்விட்டது. நான் முதலில் கேட்ட கேள்வி இது: "நேற்று நான் சொல்லியனுப்பியதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா?"

"சொல்லிட்டேனுங்க."

இரண்டு நாளில் வராவிட்டால் இரண்டாவது தாழியை நானே எடுத்துவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தேன். அவர் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்கவும் இல்லை.

டாக்டர் கோமளவல்லி அம்மையாரை அறிந்தவர்களுக்கு அவருடைய மருந்துப் பெட்டி தெரியும், கண்டிப்பு தெரியும். அவருக்கு இருந்த இன்னொரு அக்கறையைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். அதைக் கெடுத்தவன் நான்.

தை மாதம், செங்கோடக் கவுண்டரின் காட்டோரமாகச் சாலைக்கு வெட்டும்போது பெரிய முதுமக்கள் தாழி ஒன்றின் வாய் தெரிந்தது. உள்ளே எலும்பு. ஆட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு விலகி நின்றார்கள். கொலை ஏதுமில்லை என்று டாக்டர் சொன்னால்தான் வேலை நடக்கும் என்றார் கிராம முன்சீப். அப்படித்தான் அம்மையார் வந்தார்.

எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. அவரோ வெட்டிய மண்சுவரின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மேலே உழவு மண், அதற்குக் கீழே கலையாத செம்மண்; தாழிக்காகத் தோண்டிய குழி மட்டும் நிறம் வேறாக இறங்குவதைத் தொட்டுக் காட்டினார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இது ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?" என்றார் கவுண்டர்.

"இடுப்பெலும்பைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். பல் அவ்வளவாகத் தேயாததைப் பார்த்தால் கிழவயசு இல்லை. இந்த வாய்க்குள் முழு ஆளை இறக்க முடியாது, கவுண்டரே. சதை போன பிறகு எலும்பை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். எதை முதலில் வைத்தார்கள், எதைக் கடைசியில் வைத்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்." பிறகு என்னிடம்: "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதுவரை தொடாதீர்கள்."

சனிக்கிழமை ஜல்லி வண்டிகள் வந்துவிட்டன. நான்கு பேரை விட்டுத் தாழியைத் தூக்கி, சாக்கின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தேன். பதமாகத்தான் கவிழ்த்தேன், ஒரு எலும்பும் உடையவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

மறுநாள் அம்மையார் வந்து குவியலைப் பார்த்தார். சாக்கின் அருகே உட்கார்ந்தார். பிறகு இடுப்பெலும்பைத் தேடி எடுத்துத் திருப்பி, அதன் அகன்ற பள்ளத்தை எனக்குத் தொட்டுக் காட்டி, "பெண்" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "வீட்டை இடித்துவிட்டு, செங்கல் ஒன்றுகூட உடையவில்லை என்கிறீர்கள். எலும்பு, அவர் யார் என்று சொல்லும். அது கிடந்த இடம்தான் அவரை மற்றவர்கள் எப்படி வழியனுப்பினார்கள் என்று சொல்லும். அது போய்விட்டது, ஓவர்சியர்."

கவுண்டர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அவருக்கு எப்பவும் அவசரமுங்க. பொண்ணு பாக்கப் போனாலும் டேப்பப் புடிச்சுட்டு நின்னு, நேரமாச்சுன்னு திரும்பி வந்துருவாரு."

அம்மையார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது; எலும்பு எலும்புதானே என்றிருந்தேன். போகும்போது வெட்டுச் சுவரில் இன்னொரு தாழியின் விளிம்பைக் காட்டி, "இதையாவது எனக்காக விட்டு வையுங்கள்" என்றார். சரி என்றேன். அதற்குள் காலரா வந்துவிட்டது. அவர் ஜேடர்பாளையம் பக்கம் போனார். நான் சாலையை அளந்துகொண்டிருந்தேன்.

கடைசியாக நான் சொல்லியனுப்பியதற்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார். சைக்கிளைத் திருப்பும்போதுதான் கம்பவுண்டர் அதைச் சொன்னார். "சிரிச்சாங்க. பானை எத்தனையோ நூறு வருசமாப் பொறுத்துட்டு இருக்குது, ஓவர்சியரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு, ஞாயித்துக்கெழமை வாரேன்னாங்க."

சனிக்கிழமை காலை சுடுகாட்டில் எலும்பு பொறுக்கினார்கள். திருச்சியிலிருந்து அவருடைய தம்பி வந்திருந்தார். பாலும் நீரும் தெளித்துச் சாம்பலை ஆற்றிய பிறகு, அவர் எது என்று பாராமல் கைக்குக் கிடைத்ததை எடுக்கப் போனார். என்னுடன் வண்டியில் வந்திருந்த கவுண்டர் அவர் கையைப் பிடித்தார்.

"கால்ல இருந்து எடுங்க, சாமி. தலை கடைசிலதான். அவுங்க நின்னாப்புல பானைக்குள்ள போகோணும். தலைகீழா அனுப்பக் கூடாதுங்க."

தம்பி பாதத்திலிருந்து எடுத்தார். பிறகு முழங்கால், இடுப்பு. அந்த எலும்பைப் பார்த்து "பெண்" என்று என்னாலும் சொல்ல முடிந்தது. அம்மையார்தான் சொல்லிக் கொடுத்தது. கடைசியாக மண்டையோட்டுத் துண்டு ஒன்றை மேலே வைத்துத் துணியால் வாயைக் கட்டினார்கள்.

தாழி வைத்தவர்களும் இப்படித்தான் அடுக்கினார்களா? தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு தாழி இருந்தது. அதைக் கவிழ்த்தவன் அங்கே கைகட்டி நின்றேன்.

அம்மா, போய் வாருங்கள். இனி நான் செய்ய வேண்டியவை:

1. இரண்டாவது தாழி இருக்கும் இடத்தில் வேலையை நிறுத்துவேன். காண்ட்ராக்டருக்கும் மேலதிகாரிக்கும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

2. கடப்பாரை கிடையாது. மூங்கில் சீவலும் தூரிகையும்தான். ஒவ்வொரு எலும்பையும் கிடந்தபடியே படம் வரைந்த பிறகே எடுப்பேன். கடைசியில் கைக்கு வருவதுதான் முதலில் உள்ளே போனது.

3. நீங்கள் எடுத்துப்போய் ஆஸ்பத்திரி அறையில் சாக்கில் வைத்திருக்கும் முதல் தாழிப் பெண்ணை வாங்கிவந்து, கவுண்டர் காட்டு மூலையில் கால் கீழே, தலை மேலே வைத்து அடக்கம் செய்வேன். இதற்கு ஆராய்ச்சி என்று பேர் இல்லை.

4. தாழியைத் திறப்பது ஞாயிற்றுக்கிழமை. அதுவரை தொட மாட்டேன், டாக்டர்.