கொட்டகையைச் சுற்றி எழும்பிய கோயில்

எங்கள் கோயிலுக்குள் இன்னொரு கோயில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. ஆனால் எழுபதுகளின் நடுவில், நாங்கள் புதுப்பட்டினத்தில் குடியிருந்தபோது, ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தது. உள்ளே ஓலைக் கொட்டகை, அதைச் சுற்றிச் செங்கல் சுவர்.

எங்கள் கிறிஸ்தவ சபை தொடங்கியது எங்கள் வீட்டுக் கூடத்தில். நான் பிறப்பதற்கு முன்பு ஐந்தாறு பேர் பாய் விரித்து உட்கார்ந்து ஜெபம் செய்வார்களாம். கூடம் போதாமல் போனதும் சவுக்குத் தோப்பை ஒட்டிக் கொட்டகை போட்டார்கள். பிறகு கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டட வேலைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து சேர, கொட்டகையும் நிரம்பி, பாதிப் பேர் வெயிலில் நின்று பாட்டுப் பாடினார்கள். செங்கல்லில் பெரிதாகக் கட்டுவது என்று முடிவானது. கொட்டகையைப் பிரித்துவிட்டால் ஆராதனைக்கு எங்கே போவது? ஒரு ஞாயிறுகூடத் தவறக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அதனால் கொட்டகையை அப்படியே விட்டு, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். கொத்தனார் என் அப்பா.

மேற்குச் சுவரை அப்பா சுண்ணாம்புக் காரை வைத்து நிதானமாகக் கட்டினார். கிழக்கே, கடல் பக்கத்துச் சுவருக்கு வருவதற்குள் ஐப்பசி நெருங்கிவிட்டது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று சபைப் பெரியவர்கள் துரத்தினார்கள். அப்பாவும் அரை மனதோடு வெறும் சேற்று மண்ணை வைத்தே அந்தச் சுவரை ஏற்றினார். மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், அது உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பெண்கள் உட்காரும் பாதிக் கொட்டகை அதன் அடியில் நசுங்கிப்போனது. அந்த நேரம் உள்ளே ஒருவரும் இல்லை. மறுநாள் காலையில் விழுந்திருந்தால் நானும் அம்மாவும் அங்கேதான் இருந்திருப்போம்.

அப்பா வீட்டுக்கு வந்து கொத்துக் கரண்டியையும் தூக்குக்குண்டையும் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டார். இனிமேல் இதைத் தொடப்போவதில்லை என்றார். அம்மா மறுநாளைக்கு வேண்டுமே என்று என் கவுனைத் துவைத்து அடுப்புக்கு மேலே காயப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் குடையோடு வெளியிலேயே நின்றார்கள். மிச்சமிருந்தது மேற்குச் சுவரை ஒட்டிய ஆண்கள் பக்கம் மட்டுந்தான். அந்தச் சுவரும் நனைந்து கருத்துப்போயிருந்தது. மழைக்காலம் முடிகிறவரை அவரவர் வீட்டில் ஜெபித்துக்கொள்ளலாம் என்று ஆராதனை நடத்தும் உபதேசியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்படிப் பிரிந்தால் மறுபடி எத்தனை பேர் வருவார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் அப்போதே திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டன.

அம்மா கூட்டத்தின் நடுவில் நின்று அப்பாவைக் கேட்டாள்.

"இந்தச் செவுரு நிக்குமா?"

விடிந்ததுமே வந்து அந்தச் சுவரை முழுக்கத் தட்டிப் பார்த்து, வெளிப்பக்கம் சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்திருந்தார் அப்பா. தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்.

"நிக்கும். இதுல மண்ணு இல்ல, சுண்ணாம்பு."

பெரியவர்களில் ஒருவர் குறுக்கிட்டார். "அதுவும் நிக்கும்னுதானே கட்டுனே?"

கட்டச் சொல்லித் துரத்தியவர்களில் அவரும் ஒருவர். அப்பா அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அம்மா குடையை மடக்கினாள். "அவுரு நிக்கும்னு சொல்ட்டாரு. நான் போய் குந்திக்கிறேன். வர்றவங்க வாங்க."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஓலைத் தட்டியை விலக்கி, சுவரில் முதுகு படும்படி உட்கார்ந்தாள். பாட்டையும் அவளே எடுத்தாள். அம்மாவுக்குப் பாட்டு வராது. சுருதி எங்கெங்கோ போனது. முதல் சரணம் முடியும்வரை நாங்கள் இருவர் மட்டுந்தான். பிறகு தச்சர் வீட்டு அம்மாள் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் உபதேசியார் வேதாகமத்தை நனையாமல் மேல்துண்டில் மூடிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவராக உள்ளே வர, இடம் போதாமல் சுவரில் சாய்ந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். திரும்பி நடந்த குடும்பங்களில் ஒன்று மட்டும் வந்தது. அப்பா வெளியிலேயே மழையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவர் பரண்மேல் ஏறிச் சாக்கை இறக்கினார். மழை ஓய்ந்ததும் கிழக்குச் சுவரைச் சுண்ணாம்பு வைத்தே மறுபடி கட்டினார். இந்த முறை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. ஓடு வேய்ந்த பிறகு கொட்டகையைப் பிரித்து, கம்பு கம்பாகப் புது வாசல் வழியாக வெளியே கொண்டுபோனோம். அதற்கப்புறம் கோயிலை இரண்டு தடவை நீட்டிக் கட்டிவிட்டார்கள், கோபுரமும் வந்துவிட்டது. மேற்குச் சுவரை மட்டும் யாரும் இடிக்கவில்லை.

அன்றைய ஆராதனையில் உபதேசியார் என்ன பிரசங்கம் செய்தார் என்பது எனக்கு நினைவில்லை. கை வலித்தது நினைவிருக்கிறது. ஆசீர்வாதம் கூறி முடிக்கும்வரை அம்மா என் கையை விடவே இல்லை. விரல்கள் வெளுக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தாள். ஓலையிலிருந்து கழுத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நான் நெளிந்துகொண்டிருந்தேன்; அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தேன். வெகுநாள் அந்தக் கோபம் எனக்கு இருந்தது. அத்தனை பேர் பார்க்க அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவளுக்கும் பயம் இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.